ஃபேசரில் செய்த ரோல்பிளேயிங் கேம் கெட்டுப்போனால்: திரையில் தெரிவதிலிருந்து காரணத்துக்கு

பிரவுசரிலேயே ஓடும் ரோல்பிளேயிங் கேம் என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஓர் ஊர், அதில் நடக்க ஓர் ஆள், பேச நாலு பேர், திறக்க ஒரு பெட்டி, அடுத்த ஊருக்குப் போக ஒரு கதவு. இதைச் செய்ய என் கைக்குப் பழகிய ஜோடி ஃபேசரும் டைல்டும். ஃபேசர் 2013-ல் ரிச்சர்ட் டேவி வெளியிட்ட ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பு, எம்ஐடி உரிமம். டைல்டு மேப் வரையும் செயலி, அதுவும் திறமூலம். இரண்டுக்கும் காசு கிடையாது. ஆனால் ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது. நடுவில் ஒரு ஜேசன் கோப்பும் (மேப்பின் விவரங்களை எழுத்தாக வைத்திருக்கும் கோப்பு) கொஞ்சம் பெயர்களும்தான் பாலம். கேம் கெட்டுப்போனால் பெரும்பாலும் உடைந்திருப்பது அந்தப் பாலம்தான்.

இங்கே சொல்வது 2018-ல் வந்த ஃபேசர் 3-க்கும் அதில் நகர்வையும் மோதலையும் கணக்கிடும் ஆர்கேட் பிசிக்ஸுக்கும் பொருந்தும். வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் திரையில் தெரிவது எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போங்கள். அதற்கு முன் ஒரே ஒரு வேலை: எஃப்12 அழுத்திக் கன்சோலை, அதாவது பிழைகளை பிரவுசர் எழுதிக் காட்டும் இடத்தை, திறந்து வையுங்கள். சிவப்பு வரிகள் இருபது இருந்தாலும் முதல் வரியைப் படியுங்கள், மற்றவை பெரும்பாலும் அதன் எதிரொலி. மஞ்சள் வரிகளைத் தள்ளிவிடாதீர்கள். மேப்பே வராத அளவுக்குப் பெரிய தவறுகளைக்கூட ஃபேசர் மஞ்சளில்தான் முணுமுணுக்கும்.

திரை முழுக்கக் கறுப்பு, வேறொன்றும் இல்லை

முகவரிப் பட்டையைப் பாருங்கள். 'ஃபைல்' என்று தொடங்கினால், கோப்பை இரட்டைச் சொடுக்கித் திறந்திருக்கிறீர்கள் என்று பொருள். அப்படித் திறந்த பக்கம் பக்கத்து ஃபோல்டரிலுள்ள படத்தையோ மேப்பையோ படிக்க பிரவுசர் பாதுகாப்புக்காக அனுமதிக்காது. கன்சோலில் 'கார்ஸ்' என்ற சொல்லோடு சிவப்பு வரி இருக்கும். உங்கள் நிரலில் தப்பே இல்லை, ஒரு சர்வர் மட்டும் வேண்டும். பைத்தான் இருந்தால் அதிலேயே சின்ன சர்வர் ஒன்று உண்டு, 8000-ஆம் போர்ட்டில் ஓடும். விஎஸ் கோட் வைத்திருப்பவர்கள் லைவ் சர்வர் நீட்டிப்பைப் போட்டுக்கொண்டால் 5500-ல் திறக்கும்.

முகவரி சரியாக 'எச்டிடிபி' என்று தொடங்கியும் கறுப்புதான் என்றால், கன்சோலின் முதல் சிவப்பு வரியில் உள்ள கோப்புப் பெயரையும் வரி எண்ணையும் பிடித்துக்கொண்டு போங்கள். சிவப்பே இல்லையென்றால், நீங்கள் எழுதிய சீனை (கேமின் ஒரு திரை அல்லது பகுதி) கேம் அமைப்பின் சீன் பட்டியலில் சேர்க்க மறந்திருக்கலாம். நானே இதை எத்தனை முறை செய்திருக்கிறேன் என்று சொல்லப் போவதில்லை.

என் கணினியில் ஓடுகிறது, ஏற்றிய பிறகு ஓடவில்லை

கன்சோலில் 404, அதாவது 'கோப்பு கிடைக்கவில்லை', என்று வரிசையாக நிற்கும். இரண்டு காரணங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது எழுத்து வேறுபாடு. விண்டோஸில் கோப்பின் பெயர் பெரிய 'பி'-யில் தொடங்கி, நிரலில் சிறிய 'பி'-யில் எழுதியிருந்தாலும் இரண்டும் ஒன்றுதான். நீங்கள் ஏற்றும் சர்வர் பெரும்பாலும் லினக்ஸ், அங்கே அவை இரண்டு வேறு கோப்புகள். கேமராவிலிருந்தோ படம் வரையும் செயலியிலிருந்தோ வந்த கோப்புகளில் கடைசி 'பிஎன்ஜி' மட்டும் பெரிய எழுத்தில் இருப்பதும் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை இரவு முழுக்க நான் தொலைத்தது அந்த மூன்று எழுத்துகளில்தான். அன்றிலிருந்து எல்லாக் கோப்புப் பெயரும் சிறிய எழுத்தில்தான், இடைவெளி கிடையாது.

இரண்டாவது, பாதையின் தொடக்கத்தில் ஒரு சாய்கோடு. அது 'தளத்தின் வேரிலிருந்து' என்று பொருள் தரும். தளத்தை ஏற்றி வைக்கும் இடமான கிட்ஹப் பேஜஸில் உங்கள் திட்டம் பயனர் முகவரிக்குக் கீழே ஓர் உள்ஃபோல்டராக இருக்கும், ஆகவே சாய்கோட்டில் தொடங்கும் பாதை அதைத் தாண்டி வெளியே போய்த் தேடும். அந்தச் சாய்கோட்டை எடுத்துவிடுங்கள். கேம்களை வெளியிடும் தளமான இட்ச்.ஐஓவில் ஏற்றும்போதும் இதே கதைதான். அங்கே கூடுதலாக, ஜிப்பைத் திறந்தவுடன் 'இன்டெக்ஸ்' கோப்பு முதல் தட்டிலேயே இருக்க வேண்டும். ஃபோல்டரை ஜிப் செய்யாமல், ஃபோல்டருக்குள் இருப்பவற்றைத் தேர்ந்து ஜிப் செய்யுங்கள்.

ஏற்றிய பிறகும் பழைய கேமே வருகிறதா? பிரவுசரின் தற்காலிகச் சேமிப்பு. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்.

ஆளுக்குப் பதில் பச்சை ஓரம் போட்ட கறுப்புச் சதுரம்

குறுக்கே ஒரு பச்சைக் கோடும் இருக்கும். 'இந்தப் பெயரில் என்னிடம் படம் இல்லை' என்று ஃபேசர் சொல்லும் விதம் அது. எஃப்12-ல் நெட்வொர்க் பக்கத்தைப் பாருங்கள். படம் 404 என்றால் பாதை தவறு, மேலே போய்ப் படியுங்கள். படம் 200 என்று நல்லபடியாக வந்திருந்தால், ஏற்றும்போது கொடுத்த சாவிப் பெயரும் ஸ்பிரைட் (திரையில் நிற்கும் படப் பொருள்) உருவாக்கும்போது கொடுத்த சாவிப் பெயரும் வேறு. இரண்டும் சரி என்றால், படத்தை 'பிரீலோட்' பகுதியில் ஏற்றாமல் 'கிரியேட்' பகுதியில் ஏற்றி, வந்து சேரும்வரை காத்திராமல் பயன்படுத்தியிருப்பீர்கள்.

இதற்கு ஒன்றுவிட்ட தம்பி ஒன்று உண்டு: ஆளின் எல்லா நடைகளும் ஒரே தாளாகத் திரையில் விரிந்து கிடக்கும். ஸ்பிரைட்ஷீட்டாக ஏற்ற வேண்டியதைச் சாதாரணப் படமாக ஏற்றியதன் விளைவு. ஸ்பிரைட்ஷீட்டாகவே ஏற்றியும் நடக்கும்போது உடம்பு பக்கவாட்டில் நழுவினால் கட்டத்தின் அகலம் தவறு. 192 பிக்சல் அகலத் தாளில் 4 நடை இருந்தால் ஒன்று 48. நீங்கள் பழக்கத்தில் 32 போட்டால் ஃபேசர் ஆறாக வெட்டிவிடும்.

ஆள் வந்துவிட்டார், ஊர் வரவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், நிதானமாகப் போவோம். டைல்டுக்கும் ஃபேசருக்கும் இடையில் நாலு கண்ணிகள் இருக்கின்றன, எது அறுந்தாலும் ஒரே விளைவு: வெறும் தரை.

முதல் கண்ணி, டைல்செட் எங்கே இருக்கிறது என்பது. ஊரைக் கட்டும் சின்னச் சதுரப் படம் ஒவ்வொன்றும் ஒரு டைல், அவற்றின் தொகுப்பு டைல்செட். டைல்டு வழக்கமாக டைல்செட்டைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ள விரும்பும். ஃபேசரால் அதைப் படிக்க முடியாது. மேப்பின் ஜேசன் கோப்பை ஒரு எடிட்டரில் திறந்து கடைசிப் பகுதியைப் பாருங்கள். டைல்செட் என்ற இடத்தில் 'சோர்ஸ்' என்று போட்டு 'டிஎஸ்எக்ஸ்' கோப்பின் பெயர் இருந்தால் அதுதான் காரணம். டைல்டின் விருப்ப அமைப்புகளில், ஏற்றுமதிப் பகுதியில், டைல்செட்டை உட்பொதிக்கும் குறியைப் போட்டுவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். கன்சோலிலும் ஃபேசர் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கும், மஞ்சளில்.

இரண்டாவது, லேயரின் (மேப்பின் ஓர் அடுக்கு) தரவு எந்த வடிவில் எழுதப்பட்டிருக்கிறது என்பது. மேப்பின் பண்புகளில் 'டைல் லேயர் ஃபார்மட்' என்று ஒன்று இருக்கும். அதில் சிஎஸ்வி வையுங்கள். சுருக்காத பேஸ்64-ம் சரி. ஜிப் முறையில் சுருக்கியது எதுவானாலும் ஃபேசர் அந்த லேயரைத் தாண்டிப் போய்விடும்.

மூன்றாவது பெயர். 'ஆட் டைல்செட் இமேஜ்' என்ற அழைப்புக்கு இரண்டு பெயர் கொடுக்கிறோம். முன்னது டைல்டில் டைல்செட்டுக்கு நீங்கள் வைத்த பெயர், பின்னது ஃபேசரில் படத்தை ஏற்றியபோது வைத்த சாவிப் பெயர். பலர் இடம் மாற்றிப் போடுகிறார்கள், அல்லது முன்னதில் படக் கோப்பின் பெயரைப் போடுகிறார்கள். லேயர் பெயரும் அப்படித்தான். டைல்டில் நீங்கள் பெயர் மாற்றாவிட்டால் அது 'டைல் லேயர் 1' என்று இருக்கும், இடைவெளியும் எண்ணும் சேர்த்து அப்படியே எழுத வேண்டும். லேயரை ஒரு குழுவுக்குள் போட்டிருந்தால் பெயரே மாறிவிடும்: குழுப் பெயர், சாய்கோடு, லேயர் பெயர்.

லேயருக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாமா என்றால், தாராளமாக வைக்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். 'கொ' போன்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, ஜாவாஸ்கிரிப்டுக்கு வேறு. டைல்டில் ஒரு தட்டச்சுக் கருவியிலும் நிரலில் இன்னொன்றிலும் அடித்தால் 'கோட்டை' என்ற பெயர் 'கோட்டை'யோடு ஒத்துப்போகாமல் நிற்கும். பெயரை அடிக்காதீர்கள், ஓர் இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள்.

நாலாவது, பழைய பாடம். நீங்கள் பார்த்து எழுதும் பாடத்தில் 'கிரியேட் ஸ்டாட்டிக் லேயர்' என்று இருந்தால் அது 2020 டிசம்பருக்கு முந்தையது. 3.50 பதிப்பில் அதை எடுத்துவிட்டு 'கிரியேட் லேயர்' என்று ஒன்றாக்கிவிட்டார்கள். கன்சோலில் 'இஸ் நாட் எ ஃபங்ஷன்' என்று சிவப்பில் கத்தும். அந்தச் சொல்லிலிருந்து 'ஸ்டாட்டிக்'கை நீக்கினால் முடிந்தது.

ஊர் வருகிறது, ஆனால் போகப் போகக் கோணலாகிறது

டைல்களுக்கு இடையே இடைவெளி விட்டு வரைந்த தாளாக இருக்கும். கேமுக்கான படங்களை வெளியிடும் கென்னியின் இலவசத் தொகுப்புகள் சிலவற்றில் ஒரே படம் இரண்டு விதமாக வரும்: 1 பிக்சல் இடைவெளியோடு ஒன்று, நெருக்கி அடுக்கியது ஒன்று. பெயரில் 'பேக்டு' என்று இருப்பது நெருக்கியது. டைல்டில் ஒன்றையும் ஃபேசரில் மற்றொன்றையும் கொடுத்தால் முதல் வரிசை கிட்டத்தட்ட சரியாக இருக்கும், கீழே போகப் போகக் கூரை சுவராகும், சுவர் வேலியாகும். இரண்டு பக்கமும் ஒரே கோப்பு என்று உறுதிசெய்யுங்கள்.

நடக்கும்போது டைல்களுக்கு நடுவே மெல்லிய கோடுகள் மின்னுகின்றன

நின்றால் மறையும், நடந்தால் வரும். கேமரா முழு பிக்சலில் நிற்காமல் அரையும் காலுமாக நிற்கும்போது, கிராஃபிக்ஸ் அட்டை டைலின் ஓரத்தைத் தாண்டிப் பக்கத்து டைலின் நிறத்தையும் கொஞ்சம் எடுத்துவிடுகிறது. கேம் அமைப்பில் 'பிக்சல் ஆர்ட்', 'ரவுண்ட் பிக்சல்ஸ்' இரண்டையும் இயக்கிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதோடு போய்விடும் என்று நினைக்கிறேன். போகவில்லை என்றால் நிரந்தர மருந்து, ஒவ்வொரு டைலின் ஓர நிறத்தையும் சுற்றிலும் 1 பிக்சல் வெளியே இழுத்துவிடுவது. 'டைல் எக்ஸ்ட்ரூடர்' என்ற சின்னக் கருவி இதைச் செய்யும். அதற்குப் பிறகு 16 பிக்சல் டைல் தாளில் 18 பிக்சல் இடம் பிடிக்கும். ஆகவே 'ஆட் டைல்செட் இமேஜ்' அழைப்பில் அகலம் 16, உயரம் 16, ஓர விளிம்பு 1, இடைவெளி 2 என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இதைச் சொல்ல மறந்தால் முந்தைய தலைப்புக்குத் திரும்பிப் போவீர்கள்.

சுவரைத் தாண்டி நடக்கிறார்

முதலில் கேம் அமைப்பில் ஆர்கேடின் 'டீபக்'கை இயக்குங்கள். ஆளைச் சுற்றி ஒரு பெட்டி தெரியும். பெட்டியே இல்லையென்றால் அவரை பிசிக்ஸ் ஸ்பிரைட்டாக உருவாக்கவில்லை. பெட்டி இருந்தும் தாண்டினால் மூன்று கேள்விகள்.

எந்த டைலில் மோத வேண்டும் என்று சொன்னீர்களா? டைல்டில் சுவர் டைல்களுக்கு 'கொலைட்ஸ்' என்று ஒரு பண்பு சேர்த்து, ஃபேசரில் 'செட் கொலிஷன் பை ப்ராப்பர்ட்டி' என்று அழைப்பது வழக்கம். அந்தப் பண்பின் வகை 'பூல்' (உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்பு) ஆக இருக்க வேண்டும். டைல்டில் புதுப் பண்பு சேர்க்கும்போது கவனிக்காமல் விட்டால் எழுத்துச் சரமாகப் பதிந்து, அதில் நீங்கள் 'ட்ரூ' என்று கைப்பட எழுதியிருப்பீர்கள். பார்க்க உண்மை, ஒப்பிட்டால் பொய்.

மோதலை ஆளோடு இணைத்தீர்களா? லேயருக்கும் ஆளுக்கும் இடையில் 'கொலைடர்' ஒன்று போட வேண்டும். சொன்னால் சிரிப்பாக இருக்கும், மறப்பது இதைத்தான்.

ஆளை எப்படி நகர்த்துகிறீர்கள்? எக்ஸ் மதிப்பில் 2-ஐக் கூட்டிக்கொண்டே போனால் அது நடை இல்லை, இடம் மாற்றிப் போடுவது. பிசிக்ஸுக்கு அது தெரியாது. 'செட் வெலாசிட்டி' கொண்டு வேகம் கொடுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 2 பிக்சல் என்று நகர்த்தினால் 60 ஹெர்ட்ஸ் திரையில் நொடிக்கு 120 பிக்சல், நண்பரின் 144 ஹெர்ட்ஸ் திரையில் 288. 'உன் கேமில் ஆள் ஏன் பேய் மாதிரி ஓடுகிறார்' என்று அவர் கேட்பது அதனால்தான்.

டைல்டின் மோதல் எடிட்டரில் மரத்தின் அடிப்பகுதிக்கு மட்டும் அழகாக வடிவம் வரைந்தவர்களுக்கு ஒரு துக்கச் செய்தி: ஆர்கேட் அதைப் பார்ப்பதே இல்லை. அதற்கு டைல் என்றால் முழுக் கட்டம்தான். அந்த வடிவங்கள் வேண்டுமென்றால் ஃபேசரிலுள்ள இன்னொரு பிசிக்ஸான மேட்டருக்குப் போக வேண்டும். இந்த வகைக் கேமுக்கு அது கொசுவுக்குப் பீரங்கி. கண்ணுக்குத் தெரியாத ஒரு தனி லேயரில் மோதல் டைல்களை மட்டும் வரைந்துகொள்ளுங்கள்.

ஆள் சரியாக முட்டுகிறார், அவர் விட்ட அம்பு மட்டும் சுவரைத் துளைக்கிறது என்றால் வேகம் அதிகம். பிசிக்ஸ் நொடிக்கு 60 முறை கணக்குப் பார்க்கிறது. நொடிக்கு 960 பிக்சல் போகும் அம்பு ஒரே அடியில் 16 பிக்சல், அதாவது ஒரு முழு டைலைத் தாண்டுகிறது. அம்பின் வேகத்தைக் குறையுங்கள்.

நேர்மாறாக, வாசலில் நுழைய முடியாமல் தவிக்கிறாரா? ஒரு கட்ட வாசலில் 16 பிக்சல் அகல உடம்பு நுழைவது, பீரோவைப் படிக்கட்டில் ஏற்றுவது போல. 'செட் சைஸ்' கொண்டு உடம்பை 10 அல்லது 12 பிக்சலாக்கி, 'செட் ஆஃப்செட்' கொண்டு காலடிக்கு இறக்குங்கள். தலை சுவரில் கொஞ்சம் ஏறித் தெரிவதுதான் இந்த வகைக் கேமின் அழகு.

சாய்வாக நடந்தால் வேகம் கூடுகிறது

இரண்டு திசை வேகமும் கூடி 1.414 மடங்காகிறது. வேகத்தை 'நார்மலைஸ்' செய்து (திசை மாறாமல் அளவை 1 ஆக்கி), அப்புறம் உங்கள் வேகத்தால் பெருக்குங்கள். ஒரு வரி வேலை.

பெட்டி அரை கட்டம் தள்ளி நிற்கிறது

டைல்டில் ஆப்ஜெக்ட் லேயரில் டைலாக வைத்த பொருளுக்கு இடப்பக்கக் கீழ் மூலைதான் தொடக்கம். ஃபேசர் ஸ்பிரைட்டுக்கு நடு மையம். அதனால் எல்லாம் அரைக் கட்டம் இடப்பக்கமாகவும் கீழேயும் விழும். ஸ்பிரைட்டின் 'ஆரிஜின்' மதிப்பை 0, 1 என்று வையுங்கள்.

மரத்துக்குப் பின்னால் போனாலும் மரத்தின் மேல் தெரிகிறார் என்றால், மரங்களை டைல் லேயரிலிருந்து எடுத்து ஆப்ஜெக்டுகளாக்கி, எல்லாருக்கும் ஆழ மதிப்பாகக் காலடியின் ஒய் மதிப்பையே கொடுங்கள். கீழே நிற்பவர் முன்னால் தெரிவார்.

கதவு வழியே போனதும் திரும்பி வந்துவிடுகிறார்

புது மேப்பில் ஆளைக் கதவின் மேலேயே இறக்கிவிட்டீர்கள். இறங்கியதும் அந்தக் கதவு 'வா' என்று இழுக்கும், பழைய ஊர்க் கதவும் அப்படியே. இரண்டு ஊருக்கும் நடுவே பந்து போல ஆடுவார். ஒரு கட்டம் தள்ளி இறக்குங்கள். இன்னொன்று, ஆள் கதவின் மேல் இருக்கிறாரா என்று பார்க்கும் 'ஓவர்லாப்' ஒரு முறை மட்டும் அடிக்காது. ஆள் கதவில் நிற்கும்வரை ஒவ்வொரு அடியிலும் அடிக்கும். திரை மங்கும் அரை நொடியில் முப்பது முறை ஊர் மாற்றச் சொல்லியிருப்பீர்கள். 'மாறிக்கொண்டிருக்கிறோம்' என்று ஒரு கொடியை முதல் முறையே ஏற்றிவிடுங்கள்.

அந்தக் கொடியை சீனின் கன்ஸ்ட்ரக்டரில் இறக்கி வைத்தீர்களானால் அடுத்த தொல்லை தயார்: அந்த ஊருக்கு இரண்டாம் முறை வரும்போது எந்தக் கதவும் திறக்காது. கன்ஸ்ட்ரக்டர் ஒரே ஒரு முறைதான் ஓடும், சீன் மறுபடி தொடங்கும்போது ஓடுவது 'இனிட்'. தொடக்க மதிப்புகள் எல்லாம் அங்கே.

வீட்டுக்குள் போய்வந்த பிறகு ஒரே வசனம் இரண்டு தடவை, இன்னொரு முறை போய்வந்தால் மூன்று தடவை என்று பெருகினால், நிகழ்வுக்குக் காது கொடுத்ததை ('லிசனர்') எடுக்கவில்லை. சீனின் சொந்த நிகழ்வுகள், ரெஜிஸ்ட்ரி, ஸ்கேல் மூன்றிலும் போட்ட காதுகள் சீன் மூடினாலும் இருந்துகொண்டே இருக்கும். சீன் மூடும் 'ஷட்டவுன்' நிகழ்வில் ஒவ்வொன்றையும் 'ஆஃப்' செய்யுங்கள்.

சத்தமே இல்லை

பயனர் தொடாமல் ஒரு பக்கம் தானாகச் சத்தம் போடுவதை பிரவுசர்கள் தடுக்கின்றன. குரோமில் கேம்கள் பயன்படுத்தும் வெப் ஆடியோவுக்கு இந்தத் தடை 2018 கடைசியில் வந்தது. முதல் தொடுதலில் ஃபேசரே பூட்டைத் திறந்துகொள்ளும். ஆகவே 'தொடங்க அழுத்தவும்' என்று ஒரு முகப்புத் திரை வைத்துவிட்டு, இசையை அதற்குப் பிறகு தொடங்கினால் போதும். கணினியில் வந்து பழைய ஐபோன்களில் மட்டும் வரவில்லை என்றால் நீங்கள் ஓக் ஒலிக் கோப்பு மட்டும் கொடுத்திருப்பீர்கள். எம்பி3-யையும் சேர்த்துக் கொடுங்கள்.

தமிழ் வசனம் உடைந்து வருகிறது

ஆங்கிலப் பாடங்கள் எதிலும் இது இருக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகவே.

கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம், நடுவில் புள்ளி வட்டம் என்று வந்தால் நீங்கள் பயன்படுத்துவது 'பிட்மேப் டெக்ஸ்ட்'. அது ஒவ்வொரு குறிக்கும் ஒரு படத்தை வரிசையாக ஒட்டுவது மட்டுமே. கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோக அதற்குத் தெரியாது. சாதாரண 'டெக்ஸ்ட்' பொருளுக்கு மாறுங்கள். அது எழுத்து வரைவதை பிரவுசரிடம் ஒப்படைக்கிறது, பிரவுசருக்குத் தமிழ் தெரியும்.

வசனம் ஒவ்வோர் எழுத்தாக விழும்போது மட்டும் உடைந்து, கடைசியில் சரியாகிவிட்டால் காரணம் வேறு. 'மதுரை' நமக்கு மூன்று எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு ஐந்து. 'கொ' வரவேண்டிய இடத்தில் முதலில் 'க' விழும், அப்புறம் அது வலப்பக்கம் தள்ளிப்போய், முன்னால் கொம்பும் பின்னால் காலும் முளைக்கும். படிப்பவருக்குக் கண் கூசும். பிரவுசரிலேயே 'இன்ட்ல் செக்மென்டர்' என்று ஒன்று இருக்கிறது. 'கிராஃபீம்' என்று சொல்லி வசனத்தைக் கொடுத்தால் நம் எழுத்துகளாகவே வெட்டித் தரும். குரோமில் 87-ஆம் பதிப்பிலிருந்து உண்டு, ஃபயர்ஃபாக்ஸில் 2024-ல் வந்த 125-லிருந்து. 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டையும் மட்டும் அது இரண்டாக வெட்டும், ஸ்ரீரங்கம் உங்கள் கதையில் இருந்தால் கையால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேலேயோ கீழேயோ எழுத்து வெட்டுப்படுகிறதா? ஒரு வரிக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று ஃபேசர் சில லத்தீன் எழுத்துகளை அளந்து பார்த்துத்தான் முடிவு செய்கிறது. நம் 'ணூ'வும் 'ழீ'யும் அந்த அளவுக்குள் அடங்குவதில்லை. எழுத்து அமைப்பில் 'டெஸ்ட் ஸ்ட்ரிங்' என்ற இடத்தில் அந்த எழுத்துகளையே கொடுங்கள், அல்லது 'பேடிங்' மேலே 4, கீழே 6 என்று வையுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன், சோம்பல்.

நீங்கள் தேர்ந்த எழுத்துரு வராமல் கணினியின் எழுத்துரு வருகிறதா? ஃபேசர் எழுத்தை ஒரு முறை வரைந்து படமாக்கி வைத்துக்கொள்கிறது. அந்த நொடியில் எழுத்துரு இறங்கியிருக்காவிட்டால், பிறகு இறங்கியும் பயன் இல்லை. கேமைத் தொடங்கும் முன் 'டாக்குமென்ட் ஃபான்ட்ஸ் லோட்' என்று அழைத்துக் காத்திருங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கூகுள் ஃபான்ட்ஸ் தரும் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை தமிழுக்கு ஒரு கோப்பு, லத்தீனுக்கு ஒரு கோப்பு என்று பிரிந்து வரும். அந்த அழைப்புக்கு எழுத்துருவின் பெயரை மட்டும் கொடுத்தால் அது ஒரு வெற்று இடைவெளியை வைத்துச் சோதிக்கும், இடைவெளி இருப்பது லத்தீன் கோப்பில். தமிழ்க் கோப்பு இறங்காமலே 'முடிந்தது' என்று சொல்லிவிடும். இரண்டாவது மதிப்பாக ஏதாவது தமிழ் எழுத்தைக் கொடுங்கள், 'அ' போதும்.

நீளமான சொல் பெட்டியைத் தாண்டிப் போகிறது என்பதற்காக 'அட்வான்ஸ்டு ராப்'பை இயக்காதீர்கள். அது சொல்லை எங்கே வேண்டுமானாலும் வெட்டும், உயிர்க்குறி அடுத்த வரியில் புள்ளி வட்டத்தோடு அநாதையாக நிற்கும். 'போய்க்கொண்டிருந்தவர்களிடம்' என்று வசனம் எழுதுவதைக் குறைத்துக்கொள்வது நல்லது. பெட்டி சின்னது.

எழுத்து சரியாக இருந்தும் படிக்கவே முடியாமல் கட்டம் கட்டமாக இருந்தால், கேன்வாஸை 320-க்கு 180 என்று சின்னதாக வைத்துப் பெரிதாக்குகிறீர்கள். ஆங்கிலத்துக்கு 8 பிக்சலில் எழுத்து உண்டு. தமிழை 14-க்குக் கீழே இறக்கினால் 'ண'வும் 'ன'வும் ஒன்றாகிவிடும். கேன்வாஸை 960-க்கு 540 என்று வைத்து, ஊரைக் காட்டும் கேமராவுக்கு மட்டும் 3 மடங்கு ஸூம் கொடுங்கள். வசனப் பெட்டியைத் தனி சீனாக, 'லான்ச்' செய்து அதன் மேலே ஓட விடுங்கள். ஊர் பிக்சலாகவும் எழுத்து கூர்மையாகவும் இருக்கும்.

பெயர் கேட்கும் பெட்டியில் சில எழுத்துகள் விழவில்லை

டபிள்யூ, ஏ, எஸ், டி நாலும், சில சமயம் இடைவெளியும் விழாது. அந்த விசைகளை நடைக்காக ஃபேசர் பிடித்து வைத்திருக்கிறது, ஆங்கில வரியுருவில் தமிழ் அடிப்பவர்களுக்கு 'அ'வே வராது. பெட்டி திறக்கும்போது 'டிஸேபிள் குளோபல் கேப்சர்' என்று அழைத்து, கூடவே கீபோர்டின் 'எனேபிள்டு' மதிப்பை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் பெயர் அடிக்க அடிக்க ஆள் பின்னால் நடந்துகொண்டிருப்பார். பெட்டி மூடியதும் இரண்டையும் திருப்பிப் போடுங்கள்.

சேமித்த விளையாட்டைக் காணவில்லை

எஃப்12-ல் அப்ளிகேஷன் பக்கத்தில் லோக்கல் ஸ்டோரேஜை (தளத்தின் தரவை பிரவுசர் சேமித்து வைக்கும் இடம்) திறங்கள். மதிப்பு 'ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்' என்று இருந்தால் பொருளை அப்படியே போட்டுவிட்டீர்கள், அது எழுத்துச் சரத்தை மட்டும்தான் வாங்கும். முதலில் 'ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை' செய்யுங்கள். அது 'சர்குலர்' என்று சிவப்பில் திட்டினால், சீனையே சேமிக்கப் பார்க்கிறீர்கள். சீன் வேண்டாம். எந்த ஊர், எக்ஸ், ஒய், உயிர், பையில் என்ன, எந்தப் பெட்டிகள் திறந்தவை: இவ்வளவுதான். கூடவே ஒரு பதிப்பு எண்ணும். அடுத்த மாதம் நீங்கள் பையின் அமைப்பை மாற்றும்போது பழைய சேமிப்பு கேமைக் கவிழ்க்காமல் இருக்க அந்த எண் உதவும்.

எல்லாம் சரி, ஆனால் சில நாள் கழித்து அழிந்துவிடுகிறது என்று ஆப்பிள் கருவிக்காரர்கள் மட்டும் சொன்னால், அது சஃபாரியின் வழக்கம். பயனர் சஃபாரியைப் பயன்படுத்தும் நாள்களில் 7 நாள் அந்தத் தளத்தைத் தொடாவிட்டால் நிரல் எழுதி வைத்ததைத் துடைத்துவிடும், 2020-லிருந்து அப்படி. சேமிப்பை ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான் வையுங்கள்.

கடைசியாக ஒன்று, எனக்கே நடந்தது. கிட்ஹப் பேஜஸில் ஒரே பயனர் பெயரின் கீழ் இருக்கும் எல்லாத் திட்டங்களும் ஒரே லோக்கல் ஸ்டோரேஜைப் பகிர்ந்துகொள்கின்றன. நான் இரண்டு கேமிலும் சாவிப் பெயராக 'சேவ்' என்றே வைத்திருந்தேன். முதல் கேமில் கத்தி வாங்கியவர் இரண்டாவது கேமில் மீன்காரராக, அதே கத்தியோடு, கடலுக்கு நடுவில் எழுந்து நின்றார். இப்போது சாவிப் பெயரின் முன்னால் கேமின் பெயர் இருக்கிறது.